ஆமோஸ் கெட்ரிக்கின் அடக்கப் பிரசங்கம்

எங்கள் பள்ளத்தாக்கில் யாராவது செத்தால் அன்றைக்கே புதைத்துவிடுவோம். பிரசங்கம் மட்டும் போதகர் வரும்வரை காத்திருக்கும். மொன்டானாவில் எங்களை மாதிரி மூலையில் கிடப்பவர்களுக்குப் போதகர் வருவது வருஷத்துக்கு ஒரு தடவைதான். கணவாயில் பனி உருகி, ஓடைகளில் வெள்ளம் அடங்கிய பிறகு, குதிரைமேல் பைபிளும் போர்வையுமாக வந்து இறங்குவார். அந்த ஒரே நாளில் வருஷத்துச் சாவு, பிறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். காலையில் அழுவோம், மத்தியானம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், சாயங்காலம் பிடில் வாசித்து ஆட்டம்.

அடக்கப் பிரசங்கம் ஆகும்வரை செத்தவனுடைய மனைவி மனைவிதான். எந்த ஆணும் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோதே இருந்தது. திருட்டுக் குதிரை விற்பவன்கூட இதில் கை வைக்க மாட்டான்.

நான் ஹெஸ்டர். நானும் என் வீட்டுக்காரர் ஓரினும் தபால் வண்டி குதிரை மாற்றும் சாவடியை நடத்துகிறோம். அவருக்குக் குதிரைகள், எனக்கு அடுப்பு. எனக்கு ஊர்வம்பு பிடிக்கும் என்று ஓரின் சொல்லுவார். வம்பு தானாக வந்து என் சமையலறையில் உட்கார்ந்து காப்பி கேட்கிறது, நான் என்ன செய்ய முடியும்?

அப்படி உட்கார்ந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் லாவினியா கெட்ரிக். ஓடைக்கு அந்தப் பக்கம் மரவீடு. புருஷன் ஆமோஸ் நல்லவன்தான், குடிக்காத நாட்களில். குடித்தால் வீட்டில் இருக்கும் எதையும் கொண்டுபோய் விற்றுவிடுவான். அவள் அம்மா கொடுத்த சுவர்க் கடிகாரம் அப்படித்தான் போயிற்று. பிறகு வந்து முழங்காலில் நின்று அழுவான், இவளும் மன்னிப்பாள். அந்தக் கடிகாரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு குளிர்காலத்தில் ஆமோஸ் கழுதையில் ஏறி ரயிலடி ஊருக்குப் போனான். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. ரயிலடி ஊரில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரு கடை, ஒரு கொல்லன், நாலு சாராயக் கடை. திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டான். அடுத்த நிலத்துக்காரன் எனோக் ஸ்டரிட்தான் தேடிப் போய், விறைத்த உடம்பைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தான். ஆமோஸ் உடம்பில் கோட்டு இல்லை. காட்டெருமைத் தோலில், ஒரு இலையுதிர்காலம் முழுக்க உட்கார்ந்து, விரலெல்லாம் ஊசி குத்தி லாவினியா தைத்துக் கொடுத்த கோட்டு அது.

அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் ஒருவன் கிடந்தால் இங்கே யாரும் காரணம் தேட மாட்டார்கள். விற்றுக் குடித்திருப்பான், அவ்வளவுதான். லாவினியாவும் அப்படித்தான் நினைத்தாள். தரையில் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கிக் குழி தோண்டினார்கள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "கடைசியில என் கோட்டையும் வித்துக் குடிச்சிட்டார், அக்கா." அதற்குமேல் என்னிடம் அவனைப் பற்றிப் பேசவே இல்லை.

வசந்தம் வந்தது. எனோக் அவளுக்கு விறகு பிளந்தான், வேலி கட்டினான், அவளுடைய இரண்டு பசுக்களையும் தன்னுடைய பசுக்களோடு மேய்த்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா? கிடையாது. அவன் ஒரு கல்லுளிமங்கன். ஆனால் அவள் என் சமையலறையில் இருக்கிறாள் என்று தெரிந்தால், குதிரைக்கு லாடம் தளர்ந்துவிட்டது என்று எதையாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பான். அவள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரத்தை இரண்டு தட்டு சாப்பிடுவான். அவனுக்கு ஆப்பிள் ஆகவே ஆகாது, தின்ற பிறகு கழுத்தெல்லாம் தடித்துப் போகும். சொறிந்துகொண்டே "நல்லா இருக்கு" என்பான். லாவினியா குனிந்து சிரிப்பை அடக்குவாள். பார்த்த எனக்குக் கண் குளிர்ந்து போகும்.

கோடையில்தான் லாவினியா அந்த முடிவைச் சொன்னாள். போதகர் வந்து பிரசங்கம் முடித்ததும் அவர்கூடவே கணவாய் தாண்டி ரயிலேறி, ஒஹையோவில் இருக்கும் அக்காவிடம் போய்விடப் போகிறாளாம். தனியாக இன்னொரு குளிர்காலத்தை அந்த வீட்டில் தள்ள முடியாதாம். அதுவும் உண்மைதான். அந்த வருஷம் போதகர் அன்றைக்கே சாயங்காலத்துக்குள் கணவாய் ஏறியாக வேண்டும் என்று முன்கூட்டியே ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக எனோக்குக்கு மிஞ்சியது கடைசி ஆமென் சொல்வதற்கும் போதகர் குதிரையேறுவதற்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரம். அதற்குள் அவன் கேட்க வேண்டும், அவள் சரி என்று சொல்ல வேண்டும், போதகர் கல்யாணத்தை முடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் போய்விடுவாள்.

பிரசங்கத்துக்கு முந்தின நாள் அவனைச் சமையலறையில் பிடித்து உட்காரவைத்தேன்.

"நாளைக்குக் கேக்கப் போறியா இல்லையா?"

"எதை, அக்கா?"

"எதையா? என் அடுப்பு எரியுதான்னு. ஏன்டா இப்படிப் படுத்துறே? அந்தப் பொண்ணு மூட்டை கட்டி வெச்சிருக்கா."

அவன் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "கேக்கணும்னுதான் இருக்கேன்."

"இருந்தா? வார்த்தையை இப்பவே கோத்து வெச்சுக்கோ. ஆமென் சொன்னதும் நேரா போய் நில்லு. சுத்தி வளைக்காதே. வானிலை, பசுமாடு, ஒண்ணும் பேசாதே."

"அவங்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா வந்து என் தோள்ல அழு. கேக்காம விட்டுட்டு வந்தா மட்டும் இந்த வாசப்படி மிதிக்காதே."

சரியாக அந்த நேரம் லாவினியா உள்ளே வந்தாள். நாங்கள் இருவரும் பிடிபட்ட திருடர்கள் மாதிரி முழித்தோம். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எனோக், உங்களைத்தான் தேடிட்டு வந்தேன். நாளைக்கு ஆமோஸுக்காக நீங்க எழுந்து சாட்சி சொல்லணும்."

இது எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் செத்தவனை நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுந்து நின்று, அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். கல்லறை பக்கத்தில், கடவுள் முன்னால், பொய் கலக்கக் கூடாது. குடிகாரனைக் குடிகாரன் என்று சொன்னவர்கள் உண்டு.

எனோக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "வேற யாரையாவது கேளுங்களேன்."

"வேற யாரு இருக்கா? அவருக்கு சிநேகிதர்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வார்த்தை போதும். ரொம்ப நல்லவரா ஆக்கவும் வேண்டாம், ரொம்ப மோசமாவும் வேண்டாம். முடிச்சிட்டு நான் கிளம்பணும்."

அவள் போன பிறகு அவன் காப்பியைத் தொடவே இல்லை. எழுந்து போய்விட்டான். பயந்தாங்கொள்ளி, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. ஓடைக்கு மேலே மேட்டில், வேலி போட்ட இடத்தில், எங்கள் கல்லறைகள். நாங்கள் எல்லோரும் வண்டிப் பலகைகளில் உட்கார்ந்தோம். போதகர் வின்ஸ்லோ வயசானவர், குரல் மட்டும் இளசு. காலையிலேயே நான் அவர் காதில் போட்டுவைத்திருந்தேன்: "கிளம்புறதுக்கு முன்னால ஒரு கல்யாணம் இருந்தாலும் இருக்கும், ஐயா. கொஞ்சம் மெதுவா சேணம் கட்டுங்க." அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். லாவினியாவின் பெட்டியை ஓரின் ஏற்கனவே அவள் ஏறிப் போக வேண்டிய குதிரையில் கட்டிவிட்டிருந்தார். நான் அவர் காலை மிதித்தும் அவருக்குப் புரியவில்லை.

ஜெபம், சங்கீதம், பிரசங்கம். பிறகு போதகர், "ஆமோஸ் கெட்ரிக்கைப் பத்திச் சாட்சி சொல்றவங்க எழுந்திருங்க" என்றார்.

எனோக் எழுந்தான். சுத்தமான சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசித் தொலையேன் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"ஆமோஸ் குடிப்பான்," என்றான். "அது எல்லாருக்கும் தெரியும். ஆனா செத்த அன்னைக்குக் குடிக்கல."

லாவினியா தலை நிமிர்ந்தாள்.

"நான்தான் அவனைக் கண்டுபிடிச்சேன். பாறை ஓரமா உக்காந்திருந்தான். கழுதை கொஞ்ச தூரம் தள்ளிப் பனியில வழுக்கிக் கால் ஒடிஞ்சு கிடந்தது. அங்கிருந்து நடந்து வந்திருக்கான். மடியில ஒரு பெரிய மூட்டை. கோட்டை அவன் விக்கல. அந்த மூட்டையைச் சுத்தினதே அந்தக் கோட்டுதான். உள்ளே கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி, ரெண்டு சட்டம். கழுதை விழுந்தப்ப உடையாததை, நடக்கும்போது உடைஞ்சிடக் கூடாதுன்னு கோட்டைக் கழட்டிச் சுத்தியிருக்கான். கழட்டாம இருந்திருந்தா பொழைச்சிருப்பான்."

எங்கள் வீடுகளில் ஜன்னல் என்றால் எண்ணெய் தடவிய காகிதம்தான். குளிர்காலம் முழுக்கப் பகலும் இருட்டு. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் போதும், தைக்கிறபோது வெளிச்சம் கிடைக்கும் என்று லாவினியா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமோஸ் ஒவ்வொரு வருஷமும் சத்தியம் செய்வான். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

லாவினியா உட்கார்ந்தபடியே கேட்டாள். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

எனோக் அவளைப் பார்த்தான். அதுவரை கல்லறையைப் பார்த்துத்தான் பேசினான்.

"உடம்பைக் கொண்டு வந்தப்ப நீங்க வாசல்ல நின்னீங்க. 'கோட்டு எங்கே, குடிச்சாரா?'ன்னு கேட்டீங்க. உங்க ஜன்னலுக்காகச் செத்தான்னு எப்படிச் சொல்றது? உயிரோட இருக்கிற வரைக்கும் உங்களால தாங்க முடியாதேன்னு பேசாம நின்னேன். அது இரக்கம். அது வரைக்கும் சரி."

"அப்புறம்?"

"அப்புறம் வசந்தத்துல வேலி கட்ட வந்தேன். ஒரு நாள் நீங்க சிரிச்சீங்க. சொல்லிட்டா இந்தச் சிரிப்பு திரும்பவும் அவன்கிட்டப் போயிடும்னு தோணிச்சு. அவன்மேல நீங்க கோவமா இருந்தாத்தான் எனக்கு வழின்னு நெனச்சேன். அப்படி நெனச்சுத்தான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். அது இரக்கம் இல்ல. செத்தவன்கிட்டத் திருடினது. உங்கமேல எனக்கு உயிர். அதையும் சொல்லிடுறேன், பொய் கலக்கக் கூடாதுல்ல. ஆமோஸ் உங்களை நேசிச்சான். இதுதான் என் சாட்சி."

உட்கார்ந்துவிட்டான். போதகர் மெதுவாக "ஆமென்" என்றார்.

எனக்கு அந்த முட்டாளை நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆமென் சொன்னதும் நேராகப் போய் நில் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இவன் ஆமெனுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். இனி எந்த முகத்தோடு கேட்பான்?

லாவினியா எழுந்தாள். "இப்ப அது எங்கே இருக்கு?"

"என் கொட்டகையில. வைக்கோலுக்குள்ள."

"கோட்டை மட்டும் கொண்டு வாங்க."

அவன் குதிரையேறிப் போனான். நாங்கள் காத்திருந்தோம். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தைகள் வெயிலில் அழ ஆரம்பித்தன, போதகர் அவற்றை நிழலுக்கு அழைத்துப் போய் ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார். லாவினியா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

எனோக் கோட்டோடு வந்தான். அதை அவள் வாங்கி, தையல்களை விரலால் தடவிப் பார்த்தாள். அக்குளில் ஒரு தையல் கோணலாகப் போயிருந்தது, அதைத் தொட்டுவிட்டு, அந்த வெயிலில் கோட்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு மண்மேல் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. குளிர்காலம் முழுக்க, வசந்தம் முழுக்க அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. எங்கள் ஊர் முரட்டு ஆண்கள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஓரின் சத்தம் போட்டு மூக்கைச் சிந்தினார்.

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். நான் போகவில்லை. அவளுக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் என்னால் போக முடியாது. எனோக் வேலி ஓரம் நின்றான். கிட்டே வரவும் தைரியம் இல்லை, போகவும் மனசில்லை.

அழுது ஓய்ந்த பிறகு லாவினியா திரும்பாமலே கூப்பிட்டாள். "எனோக்."

அவன் வந்து நின்றான்.

"தினமும் படுக்கும்போது அவரைத் திட்டிட்டுத்தான் தூங்குவேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்களே ஒரு தடவை சொன்னீங்க."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"ஆமா."

"இன்னைக்கும் சும்மா இருந்திருக்கலாம். ஆமென் சொன்னதும் நீங்க வந்து கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன். பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பேன். அது தெரியுமா?"

அவன் வாய் பிளந்து நின்றான். "தெரியாது."

"தெரிஞ்சிருந்தாலும் சாட்சி சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். தெரிந்திருந்தாலும் சாட்சி சொல்லியிருப்பேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தரையைப் பார்த்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அந்தப் பாவி.

"சொல்லியிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை," என்றான் கடைசியில். "ஆனா நிச்சயமாத் தெரியல."

லாவினியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகம் வீங்கி, மூக்கு சிவந்து, காட்டெருமைக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போதகர் மேட்டில் ஏறி வந்தார். பின்னாலேயே ஓரின் இரண்டு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"மன்னிக்கணும் அம்மா," என்றார் போதகர். "வெளிச்சம் இருக்கும்போதே கணவாய் ஏறணும். நீங்க வர்றீங்கதானே?" பிறகு, நான் காலையில் சொன்னதை நினைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்த நல்ல மனுஷன் கேட்டார்: "இல்ல, கல்யாணம் ஏதாவது இருக்கா?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எனோக் கண்ணை மூடிக்கொண்டான்.

லாவினியா எழுந்து நின்று பாவாடையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"இன்னைக்கு அடக்கம் மட்டும்தான், ஐயா. என் வீட்டுக்காரருக்காக நான் இன்னைக்குத்தான் அழவே ஆரம்பிச்சிருக்கேன். ஒரு வருஷமாவது அழணும். நான் உங்ககூட வரல."

"அப்ப இந்தக் குளிர்காலம் எங்கம்மா இருப்பீங்க?"

"என் வீட்டுல," என்று நான் குறுக்கே விழுந்தேன். "அடுப்படிக்குப் பக்கத்து அறை சும்மாத்தான் கிடக்கு." ஓரின் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவருடைய சேணங்கள் இருந்தன.

போதகர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். லாவினியா விடவில்லை.

"ஐயா, அடுத்த வருஷம் வரும்போது அவசரப்பட்டு வராதீங்க. அன்னைக்கு ஒரு ராத்திரி தங்குற மாதிரி வாங்க."

"எதுக்கும்மா?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் இவருக்கும். இப்ப ஒரு பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம், சொல்லல. இவர் இன்னும் கேக்கல. கேக்க இவருக்கு ஒரு வருஷம் இருக்கு."

எனோக் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. சிநேகிதன் செத்ததிலிருந்து அவனும் அழுததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாவினியா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தாள்.